ஜீரோ டர்ன் மோவர்: வீட்டுக்குப் பின்னால் சரிவும் குளமும் இருக்கிறது, எப்படி ஓட்டுவது?

செம்மண்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வட கரோலினாவில் கேரியில் டவுன்ஹவுஸில் இருந்தவரை புல் வெட்டுவது குடியிருப்பு அசோசியேஷன் பாடு. இப்போது சாத்தம் கவுண்டியில், பிட்ஸ்பரோவுக்குக் கொஞ்சம் வெளியே, இரண்டு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கி வந்திருக்கிறோம். விற்றவர் வயதானவர், மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது தன்னுடைய 48 இன்ச் வெட்டு அகலமுள்ள ஜீரோ டர்ன் மோவரையும் (உட்கார்ந்து ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் புல்வெட்டும் வண்டி) எங்களுக்கே குறைந்த விலையில் கொடுத்துவிட்டார். மீட்டரில் 212 மணி நேரம் காட்டுகிறது. மேனுவல் இல்லை, கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார் என்பதும் தெரியாது.

முன்பக்கம் சமதரையில் பிளேடைப் போடாமல் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் கிடையாது, பிரேக் பெடல் கிடையாது, இரண்டு கைப்பிடிகள்தான். கை லேசாக அசைந்தாலே வண்டி பாய்கிறது. முன்பக்கம் பழகிவிடும் என்று தோன்றுகிறது, ஆனால் வீட்டுக்குப் பின்னால் நிலம் நன்றாக இறங்கி ஒரு சின்னக் குளத்தில் போய் முடிகிறது. புல் தண்ணீர் விளிம்புவரை இருக்கிறது. பெரியவர் அங்கேயும் இதையே ஓட்டினாராம்.

இன்னும் சில விஷயங்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்பு வளைவு இருக்கிறது, அதை மடக்கிப் போட்டிருக்கிறார். பெல்ட் சீட்டுக்கு அடியில் சொருகிக் கிடக்கிறது. அப்புறம் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் வயர் சாக்கெட்டில் ஒரு துண்டுக் கம்பியை வளைத்து மாட்டியிருக்கிறார், அது எதற்கு என்று புரியவில்லை. அப்பா கரூரிலிருந்து ஆறு மாதம் இருக்க வந்திருக்கிறார், ஊரில் காலமெல்லாம் டிராக்டர் ஓட்டியவர், நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எட்டு வயதுப் பையன் மடியில் உட்கார வேண்டும் என்று ஒரே அடம். பராமரிப்பு எங்கிருந்து ஆரம்பிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சார்லட்_ஒர்க்‌ஷாப் எழுதியது:

தம்பி, பின்பக்கத்துக்கு இப்போதைக்கு இந்த வண்டியைக் கொண்டு போகாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இந்த வண்டியில் பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் உண்டு. வலது கைப்பிடி வலது சக்கரத்துக்கு, இடது கைப்பிடி இடது சக்கரத்துக்கு. முன்னே தள்ளினால் எண்ணெய் ஒரு பக்கம் ஓடிச் சக்கரம் முன்னே சுற்றும், பின்னே இழுத்தால் எதிர்ப்பக்கம், நடுவில் விட்டால் எண்ணெய் ஓட்டம் நின்று சக்கரமும் நின்றுவிடும். ஓடும்போது பிரேக் என்பது அவ்வளவுதான். பார்க்கிங் பிரேக் நின்ற வண்டியை நிறுத்தி வைக்கத்தான், ஓடுகிற வண்டியை நிறுத்த அல்ல. முன் சக்கரங்கள் இரண்டும் வெறும் கேஸ்டர், தள்ளிய பக்கம் உருளும், அவற்றுக்குத் திருப்பும் வேலையே கிடையாது. ஆக, திருப்புவதும் நிறுத்துவதும் இரண்டுமே பின் டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான். சரிவில் டயர் வழுக்கிவிட்டால் ஸ்டியரிங்கும் போச்சு, பிரேக்கும் போச்சு, இரண்டும் ஒரே நொடியில் போகும். பார்க்கிங் பிரேக் அப்போது உதவாது, மிதிக்க ஒரு பெடலும் இல்லை.

அப்பாவிடம் இதைத்தான் முதலில் சொல்லுங்கள். டிராக்டரில் பின் டயர் வழுக்கினாலும் முன் சக்கரத்தைத் திருப்பி ஓரளவு சமாளிக்கலாம். அவருடைய கையும் காலும் அப்படித்தான் பழகியிருக்கும். அவர் எவ்வளவு பெரிய ஓட்டுநராக இருந்தாலும் இதில் அந்தப் பழக்கம் உதவாது, ஆபத்து நேரத்தில் கால் தானாக இல்லாத பெடலைத் தேடும்.

உங்கள் பக்கம் புல் பெரும்பாலும் டால் ஃபெஸ்க்யூ. ஏப்ரல், மே மாதங்களில் அது சாறு நிறைந்து தளதளவென்று இருக்கும், காலைப் பனி காய்வதற்குள் சரிவில் ஏறினால் டயர் நிற்காது. பைன் மரங்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். காய்ந்த பைன் ஊசிகள் சரிவில் கிடந்தால் வெயில் நாளிலும் வழுக்கும், ஈரம் இல்லையே என்று நம்பி ஏறிவிடுவார்கள்.

சரிவை எப்படி அளப்பது என்று சொல்கிறேன், கண்ணால் மதிப்பிட வேண்டாம். நாலு அடி நீளமான நேரான பலகை ஒன்று, ரசமட்டம் ஒன்று, டேப் ஒன்று போதும். பலகையின் ஒரு முனையை மேட்டுப்பக்கம் தரையில் வையுங்கள், மறுமுனையைச் சரிவுப்பக்கம் தூக்கி ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நிற்கும்படி பிடியுங்கள். தூக்கிய முனையிலிருந்து தரைவரை நேர்க்கீழே அளந்தால் சுமார் எட்டரை இன்ச் வந்தால் 10 டிகிரி, கிட்டத்தட்ட 13 இன்ச் வந்தால் 15 டிகிரி. வீட்டு உபயோக ஜீரோ டர்ன்களுக்கு மேனுவலில் போடும் உச்சவரம்பு பெரும்பாலும் 15 டிகிரி, சில மாடல்களுக்கு 10 தான். உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்பது சீட்டுக்கு அடியிலோ ஃபிரேமிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் மாடல் எண்ணைப் பார்த்து, கம்பெனி இணையதளத்தில் மேனுவலை இறக்கிப் பார்த்தால் தெரியும். பழைய மாடல்களுக்கும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். உட்கார்ந்து ஓட்டும் மோவரைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்டச் சொல்லித்தான் நிறைய மேனுவல்கள் சொல்கின்றன, ஆனால் ஜீரோ டர்னில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு, அதையும் அதிலேயே பாருங்கள்.

தண்ணீர் ஓரம் தனி விஷயம். சமதரையாகவே இருந்தாலும் கரை, பள்ளம், தடுப்புச்சுவர் விளிம்பிலிருந்து வண்டியின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளித்தான் ஓட்ட வேண்டும், உங்கள் வண்டிக்கு அது குறைந்தது எட்டு அடி. சரிவே தண்ணீரைப் பார்த்து இறங்குகிறது என்றால் எட்டு அடிக் கணக்கும் கிடையாது, அந்தப் பக்கம் இந்த வண்டி போகவே கூடாது. வழுக்கிக் கவிழ்ந்தால் 600, 700 பவுண்டு எடை மேலே கிடக்கும், முழங்கால் அளவு தண்ணீரே ஆளை மூழ்கடிக்கப் போதும். இந்த நாட்டில் மோவர் சாவுகளில் குளக்கரையில் நடந்தவை திரும்பத் திரும்ப வருகின்றன.

அந்த இரும்பு வளைவுதான் ரோல் பார், வண்டி கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் காப்பது. அதை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பூட்டு ஊசி (பின்) போட்டுப் பூட்டுங்கள், பெல்ட்டைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். தாழ்ந்த கிளைக்கு அடியில் போக மடக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சமதரையில் மட்டும், அப்போது பெல்ட் போடக் கூடாது. மடக்கிய ரோல் பாரோடு பெல்ட்டும் போட்டிருந்தால் கவிழும்போது வண்டிக்கு அடியில் மாட்டிக்கொள்வீர்கள்.

எப்போதாவது சரிவில் வழுக்க ஆரம்பித்தால் பிளேடை உடனே அணைத்துவிட்டு, கைப்பிடியை வெடுக்கென்று இழுக்காமல், மெதுவாக நேராகக் கீழே இறங்கிவிடுங்கள். வெடுக்கென்று நடுவுக்கு இழுத்தால் சக்கரம் நின்று வழுக்கல்தான் அதிகமாகும். பக்கவாட்டில் திருப்பித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம்.

சாக்கெட்டில் உள்ள கம்பியை இன்றைக்கே எடுங்கள். அது சீட் ஸ்விட்சை ஏமாற்றப் போட்டது. நீங்கள் சீட்டில் இல்லாவிட்டாலும் இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். தூக்கி எறியப்பட்டாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

---

இரவுப்பணி எழுதியது:

அண்ணா, நான் எமர்ஜென்சியில் நர்ஸாக இருக்கிறேன். பையனை மடியில் வைத்து ஓட்ட வேண்டாம், ஒரே ஒரு தடவை, சும்மா பிளேடு இல்லாமல் ஒரு ரவுண்டு என்றுகூட வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

விழுந்துவிடுவான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. மடியில் ஒருமுறை சவாரி போன குழந்தைக்கு அந்தச் சத்தம் கேட்டாலே சவாரி ஞாபகம்தான் வரும். அடுத்த வாரம் நீங்கள் காதுக்கு மஃப் போட்டுக்கொண்டு வெட்டிக்கொண்டிருப்பீர்கள், அவன் பின்பக்கமாக ஓடி வருவான், நீங்கள் அதே நேரம் ரிவர்ஸ் எடுப்பீர்கள். ஜீரோ டர்னில் ரிவர்ஸ் ரொம்பச் சுலபம், கையைப் பின்னே இழுத்தால் போதும். பின்னேறும்போது நடக்கிற விபத்துகளில் நிறைய இப்படித்தான் நடக்கின்றன, வண்டியை ஓட்டுவது பெரும்பாலும் அப்பாவோ தாத்தாவோதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வது: உட்கார்ந்து ஓட்டும் மோவரை ஓட்டக் குறைந்தது 16 வயது, நடந்து தள்ளும் மோவருக்கு 12. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் புல் வெட்டும்போது வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். உங்கள் பையனுக்கு எட்டு வயது என்றாலும் எங்கள் வீட்டில் வைத்திருக்கும் வழக்கத்தையே சொல்வேன்: மோவர் ஸ்டார்ட் ஆவதற்கு முன் குழந்தைகள் உள்ளே, பெரியவர் ஒருவர் அவர்களோடு, கதவு பூட்டியாச்சு என்று அவர் ஜன்னலில் கை காட்டிய பிறகுதான் சாவி திரும்பும்.

பிளேடு முனை மணிக்கு சுமார் 200 மைல் வேகத்தில் சுற்றுகிறது. அது போட்ட காயம் நேர்க்கோடாக இருக்காது, மண்ணும் புல்லும் எலும்புவரை போயிருக்கும், ஒரே ஆபரேஷனில் முடியாது. பாதம்தான் அதிகம். கல் பறப்பதும் அப்படித்தான். வலது பக்கம் புல் வெளியேறும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி தொங்கும், அதைக் கழற்றியோ மேலே கட்டியோ வைக்கிறவர்கள் உண்டு. உங்கள் பக்கம் ஸ்வீட் கம் மரத்தின் முள்ளுக்காய் நிறைய விழுமே, அது ஒன்று போதும் கண்ணுக்கு. மூடி கீழேயே இருக்கட்டும். புல் வெளியேறும் பக்கம் வீட்டையும் ரோட்டையும் பார்த்துத் திரும்பாதபடி ரவுண்டு போடுங்கள். மூடிய ஷூ, பேண்ட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காது மஃப். செருப்போடு ஏறவே வேண்டாம், அப்பாவிடமும் சொல்லுங்கள்.

---

டெக்சாஸ்வெயில் எழுதியது:

பயமுறுத்துகிறீர்கள். லேண்ட்ஸ்கேப் ஆட்கள் ஹைவே ஓரத்தில் இதைவிடச் செங்குத்தான இடத்தில் ஜீரோ டர்ன் ஓட்டுவதைத் தினமும் பார்க்கிறேன். பழகினால் ஓட்டலாம். எனக்கு இங்கே நிலம் தட்டையாக இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை, ஆனால் சரிவு என்றாலே கூடாது என்பது அதிகம்.

---

சார்லட்_ஒர்க்‌ஷாப் எழுதியது:

சரிவு என்றாலே கூடாது என்று சொல்லவில்லை, அளந்து பார்த்து வரம்புக்குள் இருந்தால் ஓட்டலாம் என்றுதான் சொன்னேன். ஹைவே ஓரத்தில் நீங்கள் பார்ப்பதில் பாதி, நின்றபடி ஓட்டும் மோவராகவோ அகலமான சக்கரத் தடம் உள்ள கமர்ஷியல் வண்டியாகவோ இருக்கும். நின்று ஓட்டுகிறவர் ஆபத்தென்றால் பின்னால் இறங்கிவிடலாம், பெல்ட் போட்டு உட்கார்ந்தவர் முடியாது. இன்னொன்று, அவர்களிலும் அடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ரோட்டில் போகிற நமக்குத் தெரிவதில்லை.

ஸ்டியரிங் வைத்த ஜீரோ டர்ன் என்று கப் கேடட் கம்பெனியில் சில மாடல்கள் உண்டு, முன் சக்கரமும் சேர்ந்து திரும்பும், சரிவில் திசை தப்பாமல் இருக்க அது நன்றாகவே உதவும். ஆனால் நிறுத்துவதற்குப் பின் டயர் பிடிமானம் அதிலும் வேண்டும். குளத்தைப் பார்த்த சரிவுக்கு அதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

---

செம்மண்தோட்டம் எழுதியது:

ரொம்ப நன்றி. பலகையும் ரசமட்டமும் வைத்து அப்பாவும் நானும் அளந்தோம். வீட்டின் இரண்டு பக்கமும் 5 இன்ச் முதல் 8 இன்ச்சுக்குள் இருக்கிறது. பின்பக்கம் மேல்பாதி 9, 10. குளத்தை நெருங்குகிற கீழ்ப்பகுதியில் 14 இன்ச்சும் அதற்கு மேலும் வருகிறது. பார்வைக்கு இவ்வளவு செங்குத்து என்று தெரியவே இல்லை, மேலிருந்து பார்த்தால் சாதாரண இறக்கம் போலத்தான் இருந்தது. அளந்து முடித்ததும் அப்பாவே "அந்தப் பக்கம் வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டார். மேனுவலும் கிடைத்துவிட்டது, 15 டிகிரிதான் வரம்பு.

கம்பியை எடுத்தேன். எடுத்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சீட்டில் உட்கார்ந்து பார்க்கிங் பிரேக்கை விடுவித்ததும் இன்ஜின் நின்றுவிடுகிறது. ஸ்விட்ச் போய்விட்டதா? இரவுப்பணி சகோதரி, பையனிடம் பேசிவிட்டேன், மடியில் சவாரி கிடையாது.

---

புல்லும்பிளேடும் எழுதியது:

ஸ்விட்சேதான். நீங்கள் உட்கார்ந்திருப்பதை அது சொல்லவில்லை, அதனால்தான் பிரேக்கை எடுத்ததும் நிறுத்துகிறது. பெரியவர் புது ஸ்விட்ச் வாங்குவதற்குப் பதில் கம்பி போட்டிருக்கிறார். மாடல் எண்ணைச் சொன்னால் டீலரிடம் கிடைக்கும், விலை பெரிதில்லை. முதலில் சாக்கெட்டில் துரு, எலி கடித்த வயர் இருக்கிறதா என்று பாருங்கள். புதிது மாட்டிய பிறகு சோதனை இப்படி: யாரும் பக்கத்தில் இல்லாத திறந்த வெளியில், இன்ஜின் ஓட, பிளேடு சுற்ற, கைப்பிடிகளை வெளியே விரித்த நிலையில் சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்புங்கள், முழுதாக எழுந்து நிற்க வேண்டாம். இன்ஜின் அணைய ஆரம்பிக்க வேண்டும், பிளேடு ஐந்து நொடிக்குள் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை வெட்ட ஆரம்பிப்பதற்கு முன்னும் இதைச் செய்யச் சொல்கிறேன், அரை நிமிட வேலை.

பராமரிப்புக்கு வருகிறேன். சரித்திரம் தெரியாத வண்டி என்பதால் எதுவும் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் புதிது. இன்ஜின் கவாசாகி எஃப்ஆர் வகையாக இருந்தால் அதற்கப்புறம் 100 மணிக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும், ஆனால் ஒவ்வொரு தடவை வெட்டும் முன்னும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும், இந்த வண்டிகளில் பெரும்பாலும் ஆயில் மீட்டர் கிடையாது. சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு பாருங்கள். நிறைய ஊற்றிவிடுவதும் கெடுதல்தான்.

பலர் மறப்பது பின் சக்கர ஹைட்ரோ ஆயிலை. சின்ன யூனிட்கள் சிலவற்றில் மாற்றும் வசதியே கிடையாது. ஃபில்டரோடு இருக்கும் ஹைட்ரோ-கியர் யூனிட் என்றால் 20டபிள்யூ-50 ஆயில், முதல் முறை 75 மணியில், பிறகு 400 மணிக்கு ஒருமுறை என்பது கணக்கு. 212 மணியில் முதல் மாற்றம் நடந்ததா என்று தெரியாததால் ஒருமுறை மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு உள்ளே காற்று நிற்கும், அதை எடுக்காமல் ஓட்டக் கூடாது. பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, பைபாஸ் லீவர்களைத் திறந்துவிட்டு, இன்ஜின் ஓட கைப்பிடிகளை மெதுவாக முன்னும் பின்னும் ஐந்தாறு தடவை அசைக்க வேண்டும், பிறகு லீவரை மூடி அதையே திரும்பச் செய்ய வேண்டும். அந்த லீவர்கள் இன்னொன்றுக்கும் உதவும், வண்டி நடுவில் நின்றுபோனால் அவற்றைத் திறந்துதான் கையால் தள்ள முடியும். திறக்காமல் கயிறு கட்டி இழுத்தால் ஹைட்ரோ வீணாகிவிடும்.

ஏர் கூல்டு இன்ஜின், அதனால் காற்று போகும் வழி அடைபடக் கூடாது. உங்கள் ஊரில் பைன் ஊசிகள் இன்ஜின் மேல் சல்லடையிலும் சைலன்ஸரைச் சுற்றியும் போய் அடையும். வெட்டி முடித்து, வண்டி ஆறியதும் லீஃப் புளோயரால் ஊதித் தள்ளுங்கள். சூடான சைலன்ஸர் மேல் காய்ந்த பைன் ஊசி கிடந்தால் தீப்பிடிக்கும், அப்படியே கராஜில் கொண்டுபோய் விடக் கூடாது. பிரஷர் வாஷர் வேண்டாம், பிளேடு சுற்றும் தண்டின் (ஸ்பிண்டில்) பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். வெட்டும்போது திராட்டிலை முழுதாக வைத்து ஓட்டுங்கள். சத்தம் குறையட்டும் என்று பாதியில் வைத்தால் இன்ஜின் சூடேறும், வெட்டும் சுத்தமாக இருக்காது.

பிளேடு. வெட்டிய புல்லில் ஒன்றைப் பறித்து நுனியைப் பாருங்கள். நேராக அறுந்திருந்தால் சரி. நார்நாராகக் கிழிந்து இரண்டு நாளில் வெளுத்துப் பழுப்பாகிறது என்றால் கூர் போய்விட்டது. ஃபெஸ்க்யூவுக்கு அந்தக் கிழிசல் வழியாகவே கோடையில் நோய் வரும். 20, 25 மணிக்கு ஒருமுறை தீட்டலாம், மணலும் செம்மண்ணும் பட்டால் அதற்கு முன்பே. கழற்றும்போது சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றிவிடுங்கள், இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டு வயர். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்காதீர்கள், ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். டெக்குக்கும் (பிளேடை மூடியிருக்கும் கூடு) பிளேடுக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகினால் சுற்றாது, அப்புறம் போல்ட்டைத் திருகலாம். பழைய கோணத்தையே தீட்டுங்கள், கத்தி மாதிரி மெலிதாக்க வேண்டாம். தீட்டி முடித்ததும் சுவரில் ஒரு ஆணி அடித்து பிளேடின் நடு ஓட்டையை அதில் மாட்டுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கனம், கூர் முனையில் அல்ல, பின்பக்கத்தில் கொஞ்சம் தேய்த்துச் சமப்படுத்துங்கள். சமமில்லாத பிளேடு ஸ்பிண்டிலை மென்று தின்றுவிடும். திரும்ப மாட்டும்போது மேலே வளைந்த இறக்கை டெக்கைப் பார்த்திருக்க வேண்டும், போல்ட்டை மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரென்ச் போட்டு முறுக்குங்கள். கழற்ற இம்பாக்ட் கன் பரவாயில்லை, முறுக்க வேண்டாம்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, வெட்டு ஏறி இறங்கித் தெரிகிறது என்று தோன்றினால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள், எந்த ஸ்க்ரூவையும் திருகாதீர்கள். பின் டயர்களுக்கு பெரும்பாலும் 10 முதல் 15 பி.எஸ்.ஐ., இரண்டிலும் ஒரே அளவு. அது சரியாக இருந்தும் இழுத்தால் அப்புறம் டிராக்கிங், அதாவது இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் ஓடும்படி சரிசெய்வது. டெக் முன்பக்கம் பின்பக்கத்தைவிடக் கால் இன்ச் தாழ்ந்திருப்பது நல்லது, சரியான அளவு மேனுவலில் இருக்கும். ஸ்பிண்டிலிலும் கேஸ்டரிலும் கிரீஸ் நிப்பிள் இருந்தால் அங்கே கிரீஸ் கன் போட வேண்டும்.

பெட்ரோலில் எத்தனால் 10 சதவீதம் வரைதான். பங்கில் 15 சதவீதம் என்று மலிவாக ஒரு குழாய் இருக்கும், சின்ன இன்ஜின்களுக்கு அது சட்டப்படியே கூடாது. கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள், டிரக்கில் வைத்தபடி அல்ல, வண்டிக்கு ஊற்றுவது வெளியில், இன்ஜின் ஆறிய பிறகு. நவம்பர் கடைசியில் நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் கலந்து கொஞ்ச நேரம் ஓட்டி, பேட்டரிக்கு மெயின்டெய்னர் மாட்டிவிட்டால் மார்ச்சில் தொல்லை இருக்காது.

இன்னொரு விஷயம், ஆகஸ்ட், செப்டம்பரில் தரைக்குள் மஞ்சள் குளவிக் கூடு இருக்கும். வெட்டும் முன் நடந்து பார்க்கும்போது, ஒரு பொந்தில் குளவி போய் வருகிறதா என்று பாருங்கள். வண்டியில் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அது கிளம்பினால் நிலைமை மோசம்.

---

செம்மண்தோட்டம் எழுதியது:

இதை அப்படியே பிரின்ட் எடுத்து கராஜில் ஒட்டப் போகிறேன். ஸ்விட்ச் ஆர்டர் போட்டாச்சு, வரும்வரை வண்டி நிற்கட்டும்.

இரண்டே கேள்வி. திரும்பும் இடத்தில் புல் வட்டமாகப் பெயர்ந்து வந்துவிட்டது, பிளேடு போடாமல் ஓட்டியதற்கே இப்படி. அடுத்து, குளத்துப் பக்கம் இந்த வண்டி போகாது சரி, ஆனால் அந்தப் புல்லை என்ன செய்வது? குளத்தின் ஒரு பக்கம் மண்ணால் எழுப்பிய கரை, அது இன்னும் செங்குத்து.

---

சார்லட்_ஒர்க்‌ஷாப் எழுதியது:

புல் பெயர்வது ஒரு சக்கரத்தை நிறுத்திவிட்டு அதன் மேலேயே சுழற்றுவதால். பெயர்தான் ஜீரோ டர்ன், அதற்காக நின்ற இடத்திலேயே சுழல வேண்டும் என்று இல்லை. வரிசை முடிவில் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் பின்னேறி, பிறகு முன்னே திரும்புங்கள், ஒய் எழுத்து மாதிரி. பின்னேறும் முன் தலையைத் திருப்பி இரண்டு பக்கமும் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஏதோ ஒரு பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும்படி வைத்தால் புல் தப்பிக்கும். முழங்கையைக் கைதாங்கியிலோ தொடையிலோ ஊன்றிக்கொண்டால் வண்டி குலுங்கும்போது கையும் சேர்ந்து குலுங்காது, அந்தப் பாய்ச்சல் பாதி குறைந்துவிடும். அப்பா ஓட்டுவதானால் நாலு காலி வாளியை முன்பக்கம் இடைவெளி விட்டு வைத்து, பிளேடு இல்லாமல், அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட்டச் சொல்லுங்கள், ரிவர்ஸிலும். வாளியைத் தொடாமல் நிதானமாக நிறுத்துகிற அளவுக்குக் கை வந்த பிறகு சமதரையில் மட்டும் பிளேடைப் போடட்டும்.

கீழ்ச்சரிவை நடந்து தள்ளும் மோவரால் வெட்டலாம், அதை மட்டும் மேலும் கீழுமாக அல்ல, குறுக்கே கொண்டு போக வேண்டும், அப்போதுதான் வழுக்கினாலும் வண்டி உங்கள் மேலும் வராது, உங்கள் கால் அதற்கு அடியிலும் போகாது. அதற்கும் அதிகமான சரிவு என்றால் ஸ்ட்ரிங் டிரிம்மர், கையில் பிடித்து நைலான் கயிற்றால் வெட்டுவது. ஆனால் என்னைக் கேட்டால் தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு பட்டையை வெட்டாமல் விட்டுவிடுங்கள். ஸ்விட்ச்கிராஸ், பட்டன்புஷ் மாதிரி இந்த ஊர்ச் செடிகளை விட்டால் கரை மண் கரையாது, புல்லுக்குப் போட்ட உரமும் குளத்தில் இறங்காது, கனடா வாத்துகளும் குறையும், தண்ணீரிலிருந்து நேராக ஏறி மேய வசதியாகக் குட்டைப் புல் இருந்தால்தான் அவை வந்து தங்கும்.

எழுப்பிய கரைக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே மரமும் புதரும் வளர விடக் கூடாது, வேர் உள்ளே போய்க் கரையைப் பலவீனமாக்கும், எலி வகையறா வளை தோண்டினாலும் கண்ணுக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஓரிரு முறை அதைக் கட்டாயம் வெட்ட வேண்டும். ரிமோட்டில் ஓடும் சரிவு மோவர் வைத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். பிட்ஸ்பரோவிலேயே கவுண்டி எக்ஸ்டென்ஷன் ஆபீஸ் (விவசாய, தோட்ட ஆலோசனை அலுவலகம்) இருக்கிறது, குளத்தைப் பற்றிக் கேட்டால் எதை நடலாம், எவ்வளவு அகலம் விடலாம் என்று அங்கே சொல்வார்கள், மண் பரிசோதனைக்கான பெட்டியும் அங்கேயே கிடைக்கும்.

---

செம்மண்தோட்டம் எழுதியது:

எக்ஸ்டென்ஷன் ஆபீஸுக்குத் திங்கட்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், மண் விஷயத்தில் அவருக்குத்தான் கேட்க நிறைய இருக்கிறது. கரைக்கு ஆள் தேடிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தேன், அவரும் தன் கரைக்கு ரிமோட் மோவர்காரர் ஒருவரைத்தான் கூப்பிடுகிறாராம், இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வரச் சொல்லலாம் என்றார். ரோல் பார் பின்னில் ஒன்றைக் காணவில்லை, அதையும் ஸ்விட்சோடு சேர்த்து ஆர்டரில் போட்டுவிட்டேன்.